அம்மாவுக்கு மூன்று புளியங்கொட்டை

காலையில் என்னோடு பூங்காவில் நடக்க வருகிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு எல்லோரும் ஒரே குரலில் சொன்னீர்கள்: கீப்பர் என்றால் ரன்னும் அடிக்கணும், பந்தைப் பிடிக்க மட்டும் தெரிந்தவன் டீமுக்குப் பாரம் என்று. நான் இல்லை என்றேன். சிரித்தீர்கள். கணுக்கால் வலிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஒருவர், "உங்களுக்கு எதுக்கும்மா கிரிக்கெட் எல்லாம்?" என்று கேட்டார். அவர் கேட்ட தொனியைத்தான் என்னால் இன்னும் முழுங்க முடியவில்லை.

மட்டையை நான் கையால் தொட்டதில்லை. தொட விடவில்லை. ஆனால் பிடிக்கிறவன் பெரியவனா, அடிக்கிறவன் பெரியவனா என்ற வழக்கை, உங்களில் பாதிப்பேர் கிரிக்கெட் என்ற வார்த்தையையே கேள்விப்படாத வயதில், ஒரு கோடைக்காலம் முழுக்க நான் நடத்தியிருக்கிறேன். அந்த வழக்கில் என் படிப்பே மாட்டிக்கொண்டது. கேளுங்கள்.

ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. இன்று கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கிற சாலையில் அன்று மாட்டு வண்டிதான் வரிசை கட்டும். மொழியைப் பார்த்து மாநிலம் பிரித்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் வீட்டை யாராலும் பிரிக்க முடியாது. அப்பா தமிழ். அம்மா பேரிகைப் பக்கத்துத் தெலுங்கு. வாக்கப்பட்டு வந்து தமிழ் பேசக் கற்றுக்கொண்டாளே தவிர, படிக்கத் தெரியாது. அத்தை பெங்களூரில் குடித்தனம். கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம் வந்துவிடும். அப்பா ஒரு ஆபீஸில் குமாஸ்தா. பிள்ளைகள் மூன்று பேர்: அண்ணன், நான், கைக்குழந்தையாக ஒரு தம்பி. வீட்டுக்குப் பின்னால் கிணறு, துவைக்கிற கல், ஒரு கொய்யா மரம். எங்கள் மைதானம் அந்தக் கல்தான்.

நான் ஐந்தாவது முடித்த கோடை அது. அத்தை மகன் லீவுக்கு வந்திருந்தான். அண்ணனைவிட ஒரு வயது சின்னவன். பெங்களூரில் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டவன் என்பதால் எங்கள் ஊரில் கவர்னர் மாதிரி நடந்தான். முதல் வாரம் மழை பிடித்துக்கொண்டது. ஓசூரில் மே மாதத்து மழைக்குத் தனிக் குளிர் உண்டு. தெருவெல்லாம் சேறாகி ஓடி ஆட முடியாமல், மழை விட்ட நேரங்களில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்த இடத்திலேயே ஆடுகிற கிரிக்கெட்டைக் கண்டுபிடித்தார்கள்.

புளியங்கொட்டையைக் கல்லில் ஒரு பக்கம் மட்டும் தேய்த்தால் வெள்ளையாகும். தண்ணீர் விட்டுத் தேய்க்கும்போது கசப்பும் புளிப்புமாக ஒரு வாசனை வரும். விரல் நுனியும் சேர்ந்து தேயும். தாயம் ஆடுகிறவர்களுக்குத் தெரியும். அந்தக் கொட்டைகளைக் கொட்டாங்கச்சியில் போட்டுக் குலுக்கிக் கல்லின்மேல் கவிழ்ப்பார்கள். எத்தனை வெள்ளையோ அத்தனை ரன். எல்லாம் கறுப்பாக விழுந்தால் அவுட். டீமுக்கு ஏழு பேர், ஒவ்வொரு ஆளாக வந்து ஆட வேண்டும். நல்லா அடிக்கிறவனுக்கு ஐந்து கொட்டை, சுமாரானவனுக்கு நான்கு, சொத்தைக்கு மூன்று. ஐந்தும் கறுப்பாக விழுவது அபூர்வம் என்பதால் ஐந்து கொட்டைக்காரன் வந்தால் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் போக மாட்டான்.

ஆட்டக்காரர்கள் யார் தெரியுமா? எங்கள் ஊர்க்காரர்கள்தான். பழைய காலண்டர் அட்டையைச் சதுரம் சதுரமாக வெட்டி ஆளுக்கொரு சீட்டு எழுதினார்கள். ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டருக்கு ஐந்து கொட்டை. பிரம்பு சுழற்றுகிற வேகத்தைப் பார்த்தவர்கள் ஆட்சேபிக்கவில்லை. கறிக்கடைக்காரருக்கும் ஐந்து. பெங்களூர் பஸ் கண்டக்டருக்கு நான்கு. நாயைக் கண்டால் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடுகிற போஸ்ட்மேனுக்கு மூன்று. அப்பாவுக்கு ஐந்து வேண்டும் என்று அண்ணன் சொல்ல, அத்தை மகன் நான்குதான் என்று சொல்ல, ஒரு நாள் முழுக்கப் பேச்சு வார்த்தை இல்லை.

எனக்கு என்ன வேலை? சிதறின கொட்டையைப் பொறுக்கிக் கொடுப்பது. இரண்டு நாள் பொறுக்கினேன். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் பாவாடையில் முடிந்துகொண்டு கிணற்று மேடையில் ஏறி உட்கார்ந்தேன்.

"எனக்கும் ஒரு டீம் வேணும். இல்லாட்டி எல்லாத்தையும் உள்ள போட்டுருவேன்."

"பொட்டப் புள்ளைக்கு என்னாத்துக்கு டீமு?" என்றான் அண்ணன்.

ஒரு கொட்டையைக் கிணற்றில் போட்டேன். சத்தம் கேட்டதும் டீம் கிடைத்துவிட்டது.

கீப்பர் வந்தது அதற்குப் பிறகு. ஒரு நாள் அத்தை மகனுடைய கறிக்கடைக்காரர் வந்ததும் வராததுமாக ஐந்தும் கறுப்பாகி அவுட். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டது. "பெங்களூர்ல இப்படி அவுட் கிடையாது. பந்து மட்டையில உரசிப் பின்னால போகும். கீப்பர் அதப் பிடிக்கணும். பிடிச்சாத்தான் அவுட்டு," என்று புதுச் சட்டம் போட்டான். தன் ஆள் பிழைப்பதற்காகப் போட்ட சட்டம்தான், இருந்தாலும் ஆட்டம் நன்றாகிவிட்டது. எல்லாம் கறுப்பாக விழுந்தால் உரசல், உடனே எதிர் டீம் கீப்பருக்கு நான்கு கொட்டை. நல்ல கை என்றால் ஒரு வெள்ளை விழுந்தால் போதும், பிடித்த மாதிரி. ஓட்டைக் கை என்றால் குறைந்தது இரண்டு விழ வேண்டும். சீட்டில் 'அடி' என்று இருந்த கொட்டைக் கணக்குக்குக் கீழே 'கை' என்று ஒன்றையும் எழுதிச் சேர்த்தோம்.

இங்கேதான் சண்டை. இரண்டு பையன்களும் கீப்பர் இடத்தில் ஐந்து கொட்டைக்காரனைக் கொண்டு வைத்தார்கள், கை ஓட்டையாக இருந்தாலும். அண்ணனுக்கு ஹெட்மாஸ்டர், அத்தை மகனுக்குக் கறிக்கடைக்காரர். "சும்மா நிக்கற எடம்தானே, அங்கயும் ஒரு அடிக்கறவன நிறுத்தினா லாபம்" என்பது அண்ணன் கட்சி.

நான் சொன்னேன், "அடிக்கறவன் ஒரே ஒரு தடவதான் அடிக்க வர்றான். பிடிக்கறவன் எதிராளி ஏழு பேருக்கும் நிக்கறான். உன் ஹெட்மாஸ்டர் விட்டாரே கண்டக்டர, அதுக்கப்புறம் கண்டக்டர் அடிச்ச ரன்னு யாரு கணக்குல எழுதறது? ஹெட்மாஸ்டர் கணக்குலதானே?"

"விட்டதெல்லாம் கணக்குல வராது," என்றான் அண்ணன்.

இந்த ஒரு வாக்கியத்தை அப்புறம் என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் வாயால் கேட்டுவிட்டேன். விட்டதும் கணக்கில் வராது, விடாமல் பிடித்ததும் கணக்கில் வராது. அடித்தது மட்டும் வரும். அன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் குந்தாரப்பள்ளிச் சந்தையில் மண்பானை விற்கிறவரை என் கீப்பராகக் கேட்டேன். வண்டிமேல் நிற்கிற மகன் பானையை வீசுவான், இவர் கீழே நின்று வாங்கி அடுக்குவார். ஒன்று உடைந்து நான் பார்த்ததில்லை. நல்ல கை என்று அண்ணனும் ஒத்துக்கொண்டு சீட்டு எழுதினான். எழுதின மையின் ஈரம் காய்வதற்குள் அத்தை மகன் அவரைத் தன் டீமில் எடுத்துக்கொண்டான். எடுத்தவன் கீப்பராக வைத்தானா? இல்லை. எனக்குக் கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான். பானைக்காரரைத் தூர நிறுத்திவிட்டுக் கறிக்கடைக்காரரே பின்னால் நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வாரம்தான் ஆவக்காய் ஊறுகாய் ஜாடி விழுந்தது. மாங்காய்க் காலம். வீடெல்லாம் கடுகு, மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய். போன வருஷத்து ஜாடி பரண்மேல் மிச்சம் இருந்தது. அண்ணன் திருட்டுத்தனமாக முக்காலி போட்டு ஏறி அதை இழுத்தான். கை நழுவிவிட்டது. கீழே அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாங்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். அருவாமணையிலிருந்து எழுந்தாளா, திரும்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஜாடி அவள் மடியோடு இரண்டு கைக்குள் இருந்தது. மூடிகூட நகரவில்லை.

"தேவுடா," என்றாள். பிறகு அண்ணனைப் பார்த்து, "எறங்கு. பாத்து எறங்கு," என்றாள். அவ்வளவுதான். ஜாடியை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி மாங்காய் வெட்ட உட்கார்ந்துவிட்டாள்.

நான் நேராகப் பின்கட்டுக்கு ஓடினேன். "என் கீப்பர் அம்மா!"

இரண்டு பேரும் கொய்யா மரத்தடியில் உருண்டு சிரித்தார்கள். பொம்பளை டீமில் வரக் கூடாது என்றான் அத்தை மகன். அப்படிச் சட்டம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அண்ணன் மட்டும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு யோசித்தான். எனக்கு ஒரு நல்ல ஆள் குறைவார், அவனுக்கு லாபம். "சரி எடுத்துக்கோ," என்று சீட்டை எழுதினான். கை நல்ல கை. ஜாடியைப் பார்த்தவன் அதில் பொய் சொல்ல முடியவில்லை. அடி மூன்று கொட்டை. "அதுவே ஜாஸ்தி. அம்மா எங்க அடிச்சாங்க?" என்றான்.

நான் அதற்குச் சண்டை போடவில்லை. என் கவனம் எல்லாம் கையில் இருந்தது.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "அங்க நான் என்னா பண்ணணும்?" என்று கேட்டாள்.

"பின்னாடி நிக்கணும். வர்றத விடாமப் பிடிக்கணும்."

"இதுக்குப் பேரு ஆட்டமா?" என்று சிரித்துவிட்டு அடுப்பை ஊதப் போனாள்.

அதற்கப்புறம் என் டீம் ஜெயிக்க ஆரம்பித்தது. எப்போதும் இல்லை. அம்மா மட்டை பிடிக்க வந்தால் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுவாள், அதைச் சொல்லி என்னைக் கிண்டல் செய்தே கொன்றார்கள். ஆனால் அவர்கள் பக்கம் ஒருவன் உரசினால் பிழைத்துப் போனது கிடையாது. கறிக்கடைக்காரர் வந்த வேகத்தில் திரும்பிப் போவதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை. வறுத்துத் தின்ன வைத்திருந்த புளியங்கொட்டையைக் கோபத்தில் அத்தை மகன் அப்படியே பச்சையாகக் கடித்து, ஒரு பல்லை ஆட்டிக்கொண்டு திரிந்தான்.

லீவு முடிகிற சமயம் மகனை அழைத்துப் போக அத்தை வந்தாள். ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டு முடித்துப் பின்கட்டில் பெரியவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அத்தைதான் ஆரம்பித்தாள்.

"பையன் சரி, நாலாவது பாரம் போறான். இவள என்னண்ணா பண்ணப் போற?"

பர்ஸ்ட் பாரத்துக்கு, அதாவது ஆறாம் வகுப்புக்கு, ஹைஸ்கூலில் சேர வேண்டும். நான் சேர்வேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொன்னதில்லை, நானாகவே நினைத்திருக்கிறேன்.

அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே, "ஐஞ்சு முடிச்சிட்டால்ல, போதும். பையன் படிச்சா வூட்டுக்கு நாலு காசு கொண்டாருவான். இவ படிச்சு என்னா கொண்டாரப் போறா? அவங்கம்மாகூட இருந்து வூட்டு வேலய கத்துக்கட்டும்," என்றார். கொடுமைக்காரர் இல்லை அவர். எனக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க விசிறுகிறவர். அதே வாயால்தான் இதையும் சொன்னார்.

கையில் கொட்டாங்கச்சி இருந்தது. "அப்பா, ஒரு ஆட்டம். நான் ஜெயிச்சா பள்ளிக்கூடம்," என்றேன்.

அத்தை கைகொட்டிச் சிரித்தாள். மாம்பழம் சாப்பிட்ட நல்ல மனநிலையில் அப்பாவும் சிரித்தார். "ஆகட்டும். ஜெயிச்சா ஹைஸ்கூலு. தோத்தா மறுபேச்சு பேசக் கூடாது. டேய், உன் டீமுக்கு நான் குலுக்கறேன்டா," என்று அண்ணனைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுக் கல்லின் முன்னால் வந்தார். என் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்து, "யாரு, உங்கம்மாவா கீப்பரு? நல்ல டீமு!" என்றார். சமையலறை ஜன்னலில் அம்மாவின் வளையல் சத்தம் நின்றது.

அப்பா முதலில் ஆடினார். அவருக்குக் கை ராசி. ஆனாலும் ஒவ்வொருத்தராக உரசினார்கள். ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்காக நான் குலுக்கினேன். ஒரு வெள்ளை போதும் எனக்கு. ஒருத்தரையும் விடவில்லை. ஹெட்மாஸ்டர் போனார், அப்பாவின் சீட்டே போனது. "என்னடா இது, கிட்ட விட மாட்டேங்கறா!" என்று அப்பாவே சொன்னார்.

பிறகு என் பக்கம். வெயில் கொய்யா மரத்தைத் தாண்டி வந்துவிட்டது. அத்தை மகன் கட்சி மாறி எனக்காகக் கத்தத் தொடங்கினான். ஆறு பேர் போய், கடைசியாக அம்மா வந்தாள். இரண்டு ரன் எடுத்தால் ஜெயம்.

மூன்று கொட்டையைக் குலுக்கினேன். மூன்றும் கறுப்பு.

இன்னும் போகவில்லை என்று சொல்லிக்கொண்டேன். பின்னால் நிற்பது ஹெட்மாஸ்டர். ஓட்டைக் கை. இரண்டு வெள்ளை வேண்டும். அப்பா குலுக்கிக் கவிழ்த்தார். இரண்டே இரண்டு வெள்ளை, என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தன.

"பாத்தியா?" என்றார் அப்பா. "பிடிச்சு என்னா பிரயோசனம்? கடைசில ஒரு அடி அடிக்க ஆளில்ல."

"ஏழு பேரயும் அனுப்புனது யாருப்பா?" என்று கத்தினேன்.

"தோத்தா மறுபேச்சு இல்லன்னு ஒத்துக்கிட்டியா இல்லியா?"

ஒத்துக்கொண்டிருந்தேன். அழுதேன். வெட்கப்படவில்லை, ஆத்திரத்தில் அழுதேன். அப்போதுதான் அம்மா வெளியே வந்தாள். கை முழங்கைவரை மஞ்சளும் மிளகாயுமாகச் சிவந்திருந்தது. சீட்டைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"என் பேரு போட்டிருக்கறது இதுவா? என்னா எழுதியிருக்கு, படிடா."

அண்ணன் படித்தான். "கை, நல்ல கை. அடி... மூணு."

"மூணுன்னு யாரு சொன்னது?"

அப்பா வெற்றிலைப் பெட்டியை மூடினார். அம்மா அண்ணனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் என்னையும் பார்த்தாள். "அங்க ஆடுனது நானில்ல. எம்பேர எழுதி வெச்சுக்கினு நீங்களா ஆடுனீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இதைத்தான் நான் உங்களுக்கும் சொல்லவேண்டும். கை பெரிதா அடி பெரிதா என்று மல்லுக்கட்டின எங்களில் ஒருத்தருக்கும், கை நல்லா இருக்கிறவளுக்கு அடியும் இருக்குமா என்று கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் அத்தையும் மகனும் பஸ் ஏறினார்கள். சீட்டுகள் எங்கே போயின என்று தெரியாது. பிறகு ஹைஸ்கூல் திறந்தது. அண்ணன் புதுச்சட்டையோடு போனான். நான் பாத்திரம் தேய்த்தேன். சாம்பலைப் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் தவலைக்கு வலித்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து, அப்பா ஆபீஸ் போனதும் அம்மா கேட்டாள். "பாப்பா, ஹைஸ்கூலுக்குப் போறியா?"

"போறேன்."

"நெசமாவா? நடுவுல நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்."

முகம் கழுவிக் கல்யாணங்களுக்குக் கட்டுகிற அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டாள். தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டாள். கடைத்தெரு வழியாகத்தான் போனோம், சந்துக்குள் ஒளிந்து போகவில்லை. கறிக்கடைக்காரர் எழுந்து நின்று பார்த்தார். வழியெல்லாம் என் கையை அம்மா விடவில்லை. அந்தக் கை ஈரமாக இருந்தது. அவளுக்கும் பயம் என்று அதில்தான் தெரிந்துகொண்டேன்.

ஹெட்மாஸ்டர் அறையில் பிரம்பு மேஜைமேல் கிடந்தது. "அப்பா வரலியா?" என்றார்.

"அவரு ஆபீஸ்ல இருக்காருங்க. நான் வந்திருக்கறேன்."

"கையெழுத்துப் போடணுமே. கட்டை விரல் வெக்கறீங்களா?"

"கையெழுத்தே போடறேன்." பேனாவை வாங்கி மெதுவாகத் தெலுங்கில் எழுதினாள். உருண்டை உருண்டையாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. அவள் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஹெட்மாஸ்டர் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"தெலுங்கா?"

"எனக்கு அதுதான் வரும். செல்லாதுங்களா?"

அவர் அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஏன் செல்லாது? செல்லும்," என்று சொல்லி, வகுப்பைக் காட்ட பியூனைக் கூப்பிட்டார். அந்த மனிதருக்கு நாங்கள் எழுதின சீட்டில் இதற்கு இடமே இல்லை.

சாயங்காலம் அப்பா வந்தார். கடைத்தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சட்டையைக் கழற்றி மாட்டினார், கை கால் கழுவினார், தட்டின் முன்னால் உட்கார்ந்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தூக்காமல் பிசைந்துகொண்டிருந்தான். நான் கதவோரம் நின்றேன், திரும்பவும் வீட்டிலேயே இருக்கச் சொன்னால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டு. அம்மா சோறு போட்டாள்.

"சேத்துட்டு வந்துட்டியாமே," என்றார் அப்பா.

"ஆமா."

"யாரக் கேட்டுச் சேத்த?"

அம்மா கரண்டியை வைக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"படிக்கப் போறவளக் கேட்டேன்," என்று சொல்லிவிட்டு, அண்ணன் தட்டில் ரசம் ஊற்றினாள்.